மேசை மேல் ஒரு பாய்மரக் கப்பல்: மரத்தில் கப்பல் கட்டும் பொழுதுபோக்கும் நம்மவர் கடல் கதையும்

கிள்ளான் – "நம்ம ஆளுங்க இந்த நாட்டுக்கு எப்படி வந்தாங்க?" என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டால், "கப்பல்ல" என்று ஒரே சொல்லில் பதில் வரும். அதற்கு மேல் கேட்டால் சிலர் 'ரஜூலா' என்று பெயரையும் சொல்வார்கள். 1926-இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் கட்டப்பட்ட நீராவிக் கப்பல் அது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று ஏறக்குறைய அரை நூற்றாண்டு நம் மக்களைச் சுமந்தது. அந்தப் போர்ட் சுவெட்டன்ஹாம்தான் 1972 முதல் போர்ட் கிள்ளான்.

ரஜூலாவுக்கு முன்பு, நீராவிக் கப்பல்கள் வருவதற்கும் முன்பு, நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கு வந்தவர்கள் பாய்மரக் கப்பலில்தான் வந்தார்கள். அந்தக் கப்பல் எப்படி இருந்திருக்கும், அதில் எத்தனை பாய்மரம், எந்தக் கயிறு எதை இழுக்கும் என்று இன்று நம்மில் யாரும் சொல்வதில்லை. அதைக் கையால் செய்து பார்த்துத் தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. மரத்தில் சிறிய அளவில் பாய்மரக் கப்பல் கட்டுவது உலகெங்கும் பெரியவர்கள் செய்யும் பொழுதுபோக்கு. தோட்டத்திலும் பட்டணத்திலும் வாழும் நம்மவர்களும் இதைத் தொடங்கலாம். பெரிய பட்டறை வேண்டாம். சாப்பாட்டு மேசையின் ஒரு மூலை போதும்.

பழைய கலைதான்

இது விளையாட்டுப் பொருளாகத் தொடங்கியதல்ல. 17-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் கடற்படை வாரியத்துக்காகப் போர்க்கப்பல்களின் மாதிரிகளை நுணுக்கமாகச் செய்தார்கள். உள்ளே இருக்கும் சட்டங்கள் தெரியும்படி பலகை அடிக்காமல் விட்ட அந்த மாதிரிகளை இன்றும் லண்டன் கிரீனிச் கடல்சார் அருங்காட்சியகத்தில் காணலாம். நெப்போலியன் காலப் போர்களில் பிரிட்டனில் சிறைப்பட்ட பிரெஞ்சுக்காரர்கள், சாப்பிட்டு மிஞ்சிய எலும்புகளைச் சீவிக் கப்பல் மாதிரி செய்து விற்றார்கள். கையில் இருப்பதை வைத்துச் செய்யலாம் என்பதற்கு அவர்களே சாட்சி.

நம் பக்கமும் இந்த அறிவு இல்லாமலில்லை. 'கப்பல் சாத்திரம்' என்ற பழைய தமிழ்ச் சுவடியைச் சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம் 1950-இல் அச்சிட்டது. கப்பல் கட்டும் தச்சனுக்குத் தமிழில் 'ஓடாவி' என்று தனிப் பெயரே உண்டு. கப்பலின் அடிமரம் 'ஏரா', விலா எலும்பு போன்ற சட்டங்கள் 'வங்கு', முன்பக்கம் 'அணியம்', பாயைத் தாங்கும் குறுக்கு மரம் 'பருமல்', பாயை மேலே ஏற்றும் கயிறு 'ஆஞ்சான்', பலகை இடுக்கை அடைப்பது 'கலப்பத்து'. இந்தச் சொற்கள் அகராதியில் தூங்குகின்றன. ஒரு சிறு கப்பலைக் கட்டத் தொடங்கினால் இவை மறுபடி வாயில் புழங்கும்.

அமெரிக்கா போன வல்வெட்டித்துறைக் கப்பல்

எந்தக் கப்பலைக் கட்டுவது? கடைகளில் கிடைக்கும் பெட்டிகளில் பெரும்பாலும் 'கட்டி சார்க்', 'எச்.எம்.எஸ். விக்டரி' போன்ற ஆங்கிலேயக் கப்பல்கள்தான் இருக்கும். அவை அழகானவை. ஆனால் நமக்குச் சொந்தமான ஒரு கப்பல் இருக்கிறது: 'அன்னபூரணி'.

யாழ்ப்பாணத்தின் வடகரையில் உள்ள வல்வெட்டித்துறை, பாய்மரக் கப்பல் கட்டுவதற்கும் ஓட்டுவதற்கும் பேர்போன ஊர். அங்கே வேப்பமரத்தால் கட்டப்பட்ட இரண்டு பாய்மரக் கப்பல் அன்னபூரணி. நீளம் 89 அடி, அகலம் 19 அடி. சிறு படகில் உலகைச் சுற்றி வந்த வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்ற அமெரிக்கர் அதை விலைக்கு வாங்கி, தம் மனைவியின் பெயரால் 'புளோரன்ஸ் சி. ராபின்சன்' என்று மாற்றினார். 1937-இல் புறப்பட்ட அந்தக் கப்பலில் வல்வெட்டித்துறை மாலுமிகள் வேலை செய்தார்கள். சூயஸ் கால்வாய், மத்தியதரைக் கடல், அட்லாண்டிக் எல்லாம் தாண்டி, 1938 ஆகஸ்டில் அது அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள குளோசெஸ்டர் துறைமுகத்தை அடைந்தது.

பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே வேலைக்கு வந்து குடியேறிய யாழ்ப்பாணத்துக் குடும்பங்களுக்கு இந்தக் கதை உறவினர் கதை மாதிரி. நாகப்பட்டினம் வழியாகத் தோட்டத்துக்கு வந்தவர்களுக்கும் அப்படித்தான். கடல் கடந்தது நம் பிழைப்பு மட்டுமல்ல, நம் தச்சு வேலையும்தான் என்பதற்கு அன்னபூரணி சான்று.

அளவுக் கணக்கு

மாதிரிக் கப்பலில் அதிகம் பயன்படும் அளவு 1:48. அதாவது உண்மைக் கப்பலின் ஓர் அடி, நம் மேசையில் கால் அங்குலம். அந்தக் கணக்கில் அன்னபூரணியின் உடல் 22¼ அங்குல நீளமும் 4¾ அங்குல அகலமும் வரும். இது பெரிதாகத் தோன்றினால் 1:96 அளவில் செய்யலாம். 11 அங்குலத்துக்குச் சற்று மேல் இருக்கும், புத்தக அலமாரியிலேயே வைத்துவிடலாம். 1:48 அளவில் ஐந்தரை அடி மனிதன் ஒன்றரை அங்குலம்கூட இருக்க மாட்டான். கதவு, படி, கைப்பிடி எல்லாம் அவனுக்குப் பொருந்துகிறதா என்று அடிக்கடி பார்த்துக்கொண்டால் போதும், அளவு தப்பாது.

அன்னபூரணி 'பிரிகன்டைன்' வகை. முன் பாய்மரத்தில் குறுக்கே பருமல் கட்டிய சதுரப் பாய்கள். பின் பாய்மரத்தில் கப்பலின் நீளவாக்கில் விரியும் பாய். இந்த வகைக்குப் பொதுவான வரைபடங்கள் நிறையக் கிடைக்கின்றன. ஆனால் முதல் முயற்சியிலேயே இதில் இறங்க வேண்டாம். முதலில் ஒற்றைப் பாய்மரத் தோணி ஒன்றைச் செய்து கை பழகுங்கள். 104 பீரங்கி கொண்ட விக்டரி பெட்டியை ஆசையாக வாங்கி, பாதியில் கட்டிலுக்கு அடியில் தள்ளுவதுதான் புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு.

மரம் நம் நாட்டிலேயே உண்டு

மேலை நாட்டவர் பாஸ்வுட், வால்நட் மரங்களைத் தேடுவார்கள். நம் காட்டிலேயே ஜெலுத்தோங் இருக்கிறது. ஒரு காலத்தில் இந்த மரத்திலும் பால் எடுத்தார்கள். அது சூயிங்கம் செய்யப் போனது. ஜெலுத்தோங் மென்மையானது, நேரான இழை, முடிச்சு குறைவு. அதனால்தான் வார்ப்பு அச்சு செய்பவர்களும் சிற்பம் செதுக்குபவர்களும் இதை விரும்புகிறார்கள். மரக்கடையில் கழிவுத் துண்டு கேட்டாலும் ஒரு தோணிக்குப் போதும். ரப்பர் மரத் துண்டு கப்பலைத் தாங்கும் பீடத்துக்கு நன்றாகப் பொருந்தும். பள்ளிப் பிள்ளைகள் ஐஸ்கிரீம் குச்சியிலேயே தொடங்கலாம்.

கருவிகளும் அதிகமில்லை: கூரான கத்தி, மெல்லிய பல் ரம்பம், இரும்பு அடிக்கோல், இடுக்கி, கையால் சுழற்றும் சிறு துளைக்கருவி, உப்புத்தாள், வெள்ளை மரப்பசை, துணிக்கிளிப். பெட்டியாக வாங்கினால் சில நூறு ரிங்கிட் ஆகும். சொந்தமாக மரம் சேர்த்துச் செய்தால் செலவு மிகக் குறைவு.

கத்தி பிடிக்கத் தெரியாதே என்று தயங்க வேண்டாம். பட்டையை மயிரிழை அளவு சீவி, உள்மரத்தில் காயம் படாமல் பால் எடுத்த கைகளின் வாரிசுகள் நாம். அந்தப் பக்குவம்தான் இங்கேயும் வேண்டும்.

கட்டும் முறை

முதலில் ஏரா. 5 மில்லிமீட்டர் ஒட்டுப்பலகையில் அதை வெட்டி, அதன் மேல் குறுக்குச் சட்டங்களைச் செங்குத்தாக நிறுத்துங்கள். இவைதான் வங்குகளின் இடத்தில் நின்று கப்பலுக்கு வடிவம் தருபவை. ஒரு சட்டம் சாய்ந்தாலும் முழுக் கப்பலும் கோணும். பசை காய்வதற்குள் மூலைமட்டம் வைத்துப் பாருங்கள்.

அடுத்து பக்கப் பலகை. 5 மில்லிமீட்டர் அகலமும் 1.5 மில்லிமீட்டர் கனமும் கொண்ட பட்டைகளாக மரத்தை அறுத்துக்கொள்ளுங்கள். இங்கேதான் பலர் தடுமாறுவார்கள். கப்பலின் நடுப்பகுதி அகலம், அணியம் ஒடுக்கம். நடுவில் ஒரு பக்கத்தின் சுற்றளவு 60 மில்லிமீட்டர் என்றால் 12 பட்டைகள் வேண்டும். அணியத்தில் அது 36 மில்லிமீட்டர்தான் என்றால், அதே 12 பட்டைகளும் அங்கே 3 மில்லிமீட்டராகக் குறுக வேண்டும். ஒரு தாள் துண்டை வளைத்து அளந்து, இந்தக் கணக்கை முன்கூட்டியே போட்டு, ஒவ்வொரு பட்டையையும் நுனியில் சீவிக்கொண்டால் பலகைகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறாது.

பட்டையைச் சுடுநீரில் ஊறவைத்து வளைத்து, காய்ந்த பிறகு ஒட்டுங்கள். இடப்பக்கம் ஒன்று ஒட்டினால் அடுத்தது வலப்பக்கம். ஒரே பக்கமாக ஒட்டிக்கொண்டு போனால், இழுவிசை ஒருபுறம் கூடி ஏரா முறுக்கிக்கொள்ளும். பிறகு எதைச் செய்தாலும் நேராகாது.

மேல்தளப் பலகையின் ஓரத்தில் பென்சிலால் கோடு இழுத்து ஒட்டினால், தார் பூசிக் கலப்பத்து அடித்தது போலவே தெரியும். மர ஆணிக்கு சாத்தே குச்சி போதும். மூங்கிலை மெல்லியதாகப் பிளந்து, இரும்புத் தகட்டில் பெரிதிலிருந்து சிறிதாகப் போட்ட துளைகள் வழியே இழுத்தால் ஊசி போன்ற ஆணி கிடைக்கும். பாய்மரத்துக்குச் சதுரக் குச்சியை எடுத்து, முதலில் எட்டுப் பட்டை, பிறகு பதினாறு பட்டை என்று சீவி உருட்டுங்கள். மேலே போகப் போக ஒடுங்க வேண்டும்.

கயிறு வேலை பொறுமையைச் சோதிக்கும். பாய்மரத்தை அசையாமல் நிறுத்தும் கயிறுகள் தார் பூசியவை, எனவே கறுப்பு நூல். பாயை ஏற்றி இறக்கும் ஆஞ்சான் போன்றவை வெளிர் பழுப்பு. நூலைத் தேன்மெழுகில் இழுத்துவிட்டுக் கட்டினால் பஞ்சு எழாது. பாய்க்குப் பழைய மெல்லிய வேட்டித் துணியைத் தேயிலைச் சாயத்தில் நனைத்துக் காயவைத்தால், வெயிலும் உப்பும் பட்ட நிறம் தானாக வரும்.

நம் ஊர் ஈரப்பதம்

வெளிநாட்டுப் புத்தகங்கள் சொல்லாத ஒன்று உண்டு. நம் ஊர் ஈரத்தில் மரம் உப்பும், நூல் இறுகித் தளரும், துணியில் பூஞ்சை பிடிக்கும். மரத்தை வீட்டுக்குள் சில வாரம் வைத்துப் பழக்கிய பிறகே அறுங்கள். முடித்ததும் உள்ளும் புறமும் மெல்லிய வார்னிஷ் பூசுங்கள். நூலை வீணைத் தந்தி போல இறுக்கிக் கட்ட வேண்டாம். இரும்பு ஆணி துருப்பிடிக்கும். பித்தளை ஆணியே நல்லது. கரையான் அண்டாத இடத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள் வையுங்கள். உப்புத்தாள் தேய்க்கும்போது முகக்கவசம் கட்டாயம். சில மரத் தூள் மூச்சுக்கு ஆகாது.

நேரில் பார்க்க

மலாக்காவில் கடல்சார் அருங்காட்சியகமாக நிற்கும் 'புளோர் டி லா மார்' கப்பலுக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். 1511-இல் சுமத்ரா கடலோரம் மூழ்கிய போர்த்துகீசியக் கப்பலின் வடிவம் அது. கயிற்று ஏணி எங்கே கட்டப்படுகிறது, பருமல் எப்படித் தொங்குகிறது என்று கீழிருந்தே பார்க்கலாம். திரங்கானுவில் புலாவ் டுயோங் தீவின் மலாய்த் தச்சர்கள், தாளில் வரைபடமே இல்லாமல், செங்கால் மரத்தில் முதலில் பலகைகளை அடுக்கி, பிறகு சட்டங்களைப் பொருத்திக் கப்பல் கட்டிப் பெயர் பெற்றவர்கள். பலகைக்கு நடுவே கெலாம் மரப்பட்டையை வைப்பார்கள்; தண்ணீரில் அது உப்பி இடுக்கை அடைத்துக்கொள்ளும். இன்று அங்கேயும் இந்த வேலை தெரிந்தவர்கள் குறைந்துவிட்டார்கள்.

வரைபடம் தாளில் இல்லாமல் கையிலும் கண்ணிலும் இருந்தால், அந்தக் கை ஓய்ந்ததும் கலையும் போய்விடும். ஓடாவிகளின் கதையும் அதுதான். அடுத்த விடுமுறையில் தாத்தா, பாட்டியிடம் அவர்கள் குடும்பம் வந்த கப்பலின் பெயரையும், ஏறிய துறைமுகத்தையும், இறங்கிய துறைமுகத்தையும் கேட்டு எழுதி வையுங்கள். பிறகு ஒரு சிறு தோணியைத் தொடங்குங்கள். சில வார இறுதிகளில் முடிந்துவிடும். அன்னபூரணிக்குப் பல மாதங்கள் ஆகலாம். கட்டி முடித்ததும் பெயரைத் தமிழிலேயே எழுதுங்கள். வீட்டுக்கு வருகிற பிள்ளை அதைப் பார்த்து "இது என்ன கப்பல்?" என்று கேட்கும். சொல்வதற்கு உங்களிடம் கதை இருக்கும்.