ஜீப்பில் ஏறும் பழைய நிலப்படம்

2009இல் கிண்ணியாப் பாலம் திறந்த பிறகு, திருகோணமலையிலிருந்து மூதூருக்குத் தார் வீதியில் போக நிலப்படம் தேவையில்லை. வீதியை விட்டு இறங்கினால்தான் தேவை. மகாவலி ஆறு கிளை பிரிந்து கொட்டியாரக் குடாவில் விழும் அந்தப் பள்ளத்தில் வில் எனப்படும் சதுப்பு நிலமும் வயலும் கண்டல் காடும் மாறி மாறி வரும். இப்படிப்பட்ட இடத்துக்கு மடிக்கணினியோடு ஜீப்பில் கிளம்புகிறவர் முதலில் விசாரிப்பது ஜிபிஎஸ்ஸின் துல்லியத்தை. அதில் கவலைப்பட அதிகமில்லை. 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களில் நான்கு அகப்பட்டாலே, நிற்கும் இடத்தைச் சில மீட்டர் பிழையோடு அது சொல்லிவிடும். சந்தேகப்பட வேண்டியது படத்தைத்தான்.

இலங்கை நில அளவைத் திணைக்களத்தின் பழைய 'அங்குலத்துக்கு ஒரு மைல்' தாளை ஸ்கேன் செய்து, ஓசி எக்ஸ்ப்ளோரர் போன்ற மென்பொருளில் ஏற்றினால், வண்டி நகர நகரப் படத்தின் மேல் ஒரு புள்ளி நகரும். ஆனால் அந்தத் தாள் நீர்கொழும்புக்கு அருகிலுள்ள கந்தவலவை ஆதாரமாக வைத்து, எவரெஸ்ட் 1830 என்ற பூமி வடிவக் கணக்கின்படி வரையப்பட்டது. ஜிபிஎஸ்ஸின் கணக்கு வேறு. மென்பொருளில் தாளின் கணக்கைச் சரியாகத் தெரிவு செய்யாவிட்டால் புள்ளி இருநூறு மீட்டர் அளவுக்குத் தள்ளி விழும். தார் வீதியில் அது வெறும் எரிச்சல். வில்லின் ஓரத்திலோ வரம்புக்கும் சேற்றுக்கும் உள்ள தூரமே அவ்வளவுதான். படத்திலும் தரையிலும் மாறாத ஒன்றில் வண்டியை நிறுத்திச் சரிபார்ப்பதே வழி. புதுப் பாலங்கள் பழைய தாளில் இல்லை; ஆற்றங்கரையை நம்பவே முடியாது. குளக்கட்டின் துருசு (மதகு) நல்ல அடையாளம்.

கைபேசி இருக்க இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். ஓட்டும்போது கைபேசியே வசதி. குலுங்கும் ஜீப்பில், வெயில் அடிக்கும் மடிக்கணினித் திரையைப் பார்க்க முயல்வது வீண். மடிக்கணினியின் வேலை முந்தின இரவு மேசையில்தான்: பழைய தாளையும் செய்மதிப் படத்தையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து, எந்த வண்டிப் பாதை இன்னும் உயிரோடிருக்கிறது என்று பார்ப்பது. உள்ளூர் உழவு இயந்திரச் சாரதிக்கு இதைவிட நன்றாகத் தெரியுமே என்பது இன்னும் வலுவான கேள்வி. தெரியும்தான். மாரியில் எந்த மண் சக்கரத்தைத் தாங்கும் என்பது எந்தச் செயற்கைக்கோளுக்கும் தெரியாது. அதனால் அவர் சம்மதித்தால், அவர் ஓட்டும் தடத்தை அப்படியே பதிவுசெய்து படத்தில் சேர்ப்பதுதான் இந்த மென்பொருளின் மிகப் பெரிய பயன் என்பேன். கோப்பின் பெயரில் மாதத்தைக் கட்டாயம் எழுத வேண்டும்: ஆவணித் தடம் மார்கழியில் தண்ணீருக்கு அடியில் கிடக்கும், சில வேளை அது யாரோ ஒருவரின் விதைத்த வயலுக்குள்ளும் போகும்.