கொல்லைக் குளத்தில் கோய் குஞ்சு வளர்ப்பு: முதல் மூன்று வாரக் கவனம்

கோய் மீன் ஒரே நாளில் இடும் முட்டைகளைப் பார்த்து மலைத்துப் போகாதவர் இல்லை. ஒரு கிலோ எடையுள்ள பெண் மீன் ஏறத்தாழ ஒரு லட்சம் முட்டைகள் இடக்கூடும். ஒரு மாதம் கழித்து வலை இழுத்துப் பார்க்கையில் நூறு குஞ்சுகூடத் தேறவில்லையே என்று வருந்துவோரும் உண்டு. கோய் மீனை முட்டையிட வைப்பதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. பருவமும் நீரும் சரியாக இருந்தால் தானே இட்டுவிடும். குஞ்சு பொரித்த பின் வரும் மூன்று வாரங்களில்தான் லாப நஷ்டம் முடிவாகிறது.

கோய் தனி மீன் இனம் அன்று. சாதாக் கெண்டையின் நிற வகையே. ஜப்பானில் நீகாட்டா மாநிலத்து மலைக் கிராமங்களில் நெல் விவசாயிகள் உணவுக்காகக் கெண்டை வளர்த்து வந்தனர். அவற்றில் அபூர்வமாகத் தோன்றிய சிவப்பு, வெள்ளை மீன்களை 19ஆம் நூற்றாண்டில் தனியே பிரித்துப் பெருக்கியதில் கோய் உண்டாயிற்று. 1914ல் டோக்கியோவில் நடந்த பொருட்காட்சிக்குப் பின்னரே வெளியுலகம் அதை அறிந்தது. நம் நாட்டுக்குச் சாதாக் கெண்டை புதிதன்று. 1939ல் இலங்கையிலிருந்து நீலகிரிக்கும், 1957ல் பாங்காக்கிலிருந்து சமவெளிக்கு ஏற்ற வகையாகவும் வந்து சேர்ந்தது. ஆகவே சாதாக் கெண்டைக்குக் கையாளும் இனப்பெருக்க முறையே கோய்க்கும் பொருந்தும். இரண்டையும் ஒரே குளத்தில் விட்டால் கலந்துவிடும். நிறமற்ற சாம்பல் குஞ்சுகளே மிகுதியாக வரும். சென்னையிலுள்ள கொளத்தூர் போன்ற அலங்கார மீன் சந்தைகளில் அவற்றை வாங்க ஆளிராது.

நம் சமவெளியில் தை முதல் பங்குனி வரையும், ஆடி, ஆவணியிலும் இம்மீன்கள் நன்கு இனப்பெருக்கம் செய்கின்றன. இரண்டு வயதான, நிறம் தெளிவான, முதுகு நேரான மீன்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பெண்ணின் வயிறு பருத்து மென்மையாக இருக்கும். ஆணின் வயிற்றை லேசாக அழுத்தினால் பால் போன்ற திரவம் கசியும். செவுள் மூடியும் மார்புத் துடுப்பும் தடவுகையில் சொரசொரக்கும். ஆணையும் பெண்ணையும் இரண்டு மூன்று வாரம் தனித்தனித் தொட்டிகளில் வைத்துத் தீனி கொடுத்து வந்தால், சேர்த்து விட்டதும் தாமதமின்றி முட்டையிடும். ஒரு பெண்ணுக்கு இரண்டு ஆண் போதும்.

முட்டையிட 10 அடி நீளம், 6 அடி அகலமுள்ள சிமெண்டுத் தொட்டியில் இரண்டரை அடி நீர் போதுமானது. குழாய் நீரில் குளோரின் இருந்தால் ஓரிரு நாள் திறந்த வெளியில் வைத்திருந்து பயன்படுத்த வேண்டும். ஆழ்துளைக் கிணற்று நீரில் பிராணவாயு குறைவு. உயரத்திலிருந்து சிதறி விழும்படி விடுவது நல்லது. முட்டைகள் ஒட்டும் தன்மை உடையவை. ஆகவே பெண் மீனின் எடையைப் போல் இரு மடங்கு வேலம்பாசியைக் கழுவி இடலாம்; பிரி பிரித்த நைலான் கயிற்றைக் கட்டி மிதக்க விட்டாலும் சரியே. பாசியோடு பூச்சிகளும் வந்து சேரும் என்பதால் உப்பு நீரில் அலசிய பின்னரே இட வேண்டும். மாலையில் மீன்களை விட்டுத் தொட்டியை வலையால் மூடினால் பெரும்பாலும் விடியற்காலையில் முட்டையிடும்.

முட்டையிட்டு முடிந்ததும் தாய் தந்தை மீன்களை உடனே எடுத்துவிட வேண்டும். தாம் இட்ட முட்டையைத் தாமே தின்பதில் கோய் சளைத்ததன்று. கருவுற்ற முட்டை கண்ணாடி போல் தெளிவாக இருக்கும். கருவுறாதது வெளுத்துப் போய்ப் பூஞ்சணம் பிடிக்கும், பக்கத்து முட்டையையும் கெடுக்கும். வெளுத்த முட்டைகள் மிகுந்த பாசிக்கொத்துகளை அகற்றிவிட்டு, சிறிய காற்றுக் குழாய் மூலம் நீரை அசைந்து கொண்டிருக்கச் செய்ய வேண்டும். நம் வெப்பநிலையில் இரண்டு மூன்று நாளில் குஞ்சு பொரிக்கும்.

பொரித்த குஞ்சு ஊசிமுனை அளவே இருக்கும். இரண்டு மூன்று நாள் வரை பாசியிலும் தொட்டிச் சுவரிலும் ஒட்டிக்கொண்டு, வயிற்றிலுள்ள மஞ்சள் கருவை உண்டே வாழும். அப்போது தீனி போடுவது பெருந்தவறு. உண்ணப்படாத தீனி அழுகி நீரைக் கெடுத்துவிடும். குஞ்சுகள் சுவரை விட்டு விலகித் தாமாக நீந்தத் தொடங்கியதும் தீனி உடனே கிடைத்தாக வேண்டும். ஒரு நாள் தவறினாலும் ஆயிரக்கணக்கில் மடியும். அதன் வாய்க்குள் நுழையும் அளவுக்கு நுண்ணிய உயிர்த்தீனி குளத்து நீரில்தான் இருக்கிறது. அந்த நீரைக் குஞ்சு வருவதற்கு முன்னரே தயார் செய்ய வேண்டும்.

கொல்லையில் ஒரு சென்ட் பரப்பில் மண்குளம் இருந்தால், அதை வெடிப்பு விடும் வரை காயவிட்டு, ஒரு கிலோ சுண்ணாம்பு தூவி, 40 கிலோ பசுஞ்சாணம் இட வேண்டும். தாய் மீன்களைத் தொட்டியில் விடும் நாளிலேயே குளத்தில் இரண்டு முதல் மூன்றடி வரை நீர் பாய்ச்சலாம். மெல்லிய துணி வழியே வடித்துப் பாய்ச்சினால் தவளை முட்டையும் களை மீனும் உள்ளே வாரா. நீர் தேங்கிய சில நாட்களில் முதலில் பெருகுவது மிக நுண்ணிய சக்கர உயிரிகள். நீந்தத் தொடங்கும் குஞ்சுக்கு அதுவே தாய்ப்பால். அதன்பின் நீர்த்தெள்ளுப்பூச்சி பெருகும். ஒரு வாரம் வளர்ந்த குஞ்சு அதை விரும்பித் தின்னும். நாள் கடந்தால் ஒற்றைக்கண் சைக்ளாப்ஸ் பெருகி, இளங்குஞ்சையே கடித்துக் கொல்லும். எனவே நீர் பாய்ச்சி ஆறேழு நாளில் குஞ்சு குளத்துக்குள் போய்விட வேண்டும். மாதக் கணக்கில் பச்சையாகக் கிடக்கும் பழைய குளம் பார்க்க வளமாகத் தோன்றும். குஞ்சுக்கு அதுவே எமன்.

கையை நேராக நீருக்குள் விட்டுப் பார்க்கலாம். முழங்கை மூழ்கும்போது உள்ளங்கை மறைந்தால் பசுமை போதும். தெளிவாகத் தெரிந்தால் கொஞ்சம் சாணக் கரைசல் தெளிக்கலாம்.

நீர்ப்பூச்சிகளை ஒழிக்கக் குஞ்சு விடுவதற்கு முந்தைய நாள், காற்றில்லாத நேரத்தில், ஒரு சென்ட்டுக்கு 225 கிராம் மலிவான தாவர எண்ணெயும் 70 கிராம் சோப்பும் வெந்நீரில் கலக்கி நீர்மட்டத்தில் தெளிப்பது பழைய, நம்பத்தக்க முறை. மேலே வந்து மூச்சு விடும் பூச்சிகள் எண்ணெய்ப் படலத்தில் திணறி மடியும். தட்டான் பூச்சியின் இளம்பருவம் மட்டும் நீருக்குள்ளேயே செவுள் கொண்டு சுவாசிப்பதால் இதற்கு மசியாது. குளத்தைக் காயவிடுவதும், நீர் விட்டவுடன் வலை போர்த்துவதும், நீரைப் பழசாக விடாமல் குஞ்சு இருப்பு வைப்பதுமே அதற்கு வழி.

குஞ்சுகளை விடியற்காலையில், தொட்டி நீருள்ள பையோடு குளத்தில் கால் மணி நேரம் மிதக்கவிட்டு, மெல்லத் திறந்துவிட வேண்டும். ஒரு சதுர மீட்டருக்கு 200 குஞ்சுக்கு மேல் வேண்டாம்; ஒரு சென்ட்டுக்கு 8,000 ஆகிறது. மிச்சத்தையும் வீணாக்க மனமின்றி அதிலேயே கொட்டுபவர் எல்லாவற்றையும் இழப்பர். மண்குளம் இல்லாமல் சிமெண்டுத் தொட்டியிலேயே வளர்ப்பவர், அவித்த முட்டையின் மஞ்சள் கருவைத் துணியில் கட்டிக் கசக்கிச் சிறிது சிறிதாக ஊட்டி, அடியில் படிந்ததை அன்றன்றே உறிஞ்சி எடுக்க வேண்டும்.

மூன்றாம் நாள் முதல் கடலைப் பிண்ணாக்கையும் தவிட்டையும் சமமாகக் கலந்து மெல்லிய துணியில் சலித்துக் காலை மாலை தூவலாம். விடியற்காலையில் குஞ்சுகள் மேலே வந்து வாயைத் திறந்து மூடினால் அது பசி அன்று, மூச்சுத் திணறல். தீனியை நிறுத்திப் புது நீர் விட வேண்டும்.

மூன்று நான்கு வாரத்தில் குஞ்சு ஓர் அங்குலத்தை எட்டும்போது, வெள்ளைக் கிண்ணத்தில் கொஞ்சம் கொஞ்சமாக மொண்டு பார்த்துத் தரம் பிரிக்க வேண்டும். முதுகு வளைந்தவை, வாய் கோணியவை, நிறமற்றவை விலக்கத்தக்கவை. நல்ல நிறமுள்ள தாய் தந்தைக்குப் பிறந்தவற்றிலும் பெரும்பங்கு சாதாரணமாகவே இருக்கும். அது ஏமாற்றமன்று, இம்மீனின் இயல்பு. மற்றவற்றை விட வேகமாக வளர்ந்தவை சிறியவற்றை விழுங்கும். உடனே பிரித்துவிட வேண்டும். கழித்தவற்றைக் கோழிக்கோ விராலுக்கோ தீனியாக்கலாம். ஏரியிலோ ஆற்றிலோ விடக்கூடாது. சேற்றைக் கிளறி நீரைக் கலக்கும் இந்த அயல்நாட்டு மீன் அங்குள்ள உள்நாட்டு மீன்களுக்குக் கேடு.

வெளியிலிருந்து வாங்கும் தாய் மீனை நேராகக் குளத்தில் விடாமல் மூன்று நான்கு வாரம் தனித் தொட்டியில் வைத்துப் பார்க்க வேண்டும். கோய் ஹெர்ப்பிஸ் என்னும் வைரஸ் நோய் 1998 முதல் பல நாடுகளில் பரவியது. 2003ல் ஜப்பானின் கசுமிகவுரா ஏரிக் கெண்டைகளையும் வாரிக்கொண்டு போயிற்று. இதற்கு மருந்தில்லை. பிழைத்த மீனும் நோயைச் சுமந்து திரியக்கூடும். பக்கத்துக் குளத்தில் உணவுக்காகச் சாதாக் கெண்டை வளர்ப்பவருக்கும் இதனால் ஆபத்து. புது மீனுக்கென்று வலையையும் வாளியையும் தனியாக வைத்துக்கொண்டு, பயன்படுத்திய பின் வெயிலில் நன்றாகக் காயவிட வேண்டும்.