வீட்டைப் பிரித்துக் கட்டும் கலை

மயிலாப்பூரிலோ தியாகராய நகரிலோ பழைய வீடு ஒன்றை இடிக்கக் கொடுத்தால், பெரும்பாலும் இடிப்பவர்தான் வீட்டுக்காரருக்குப் பணம் தருகிறார். காண்ட்ராக்டர் வந்ததும் சுவர்களைப் பார்த்துக்கொண்டு நிற்பதில்லை. வாசக்காலை விரலால் தட்டுகிறார், அண்ணாந்து உத்தரங்களை எண்ணுகிறார், ஜன்னல் கம்பியின் கனத்தைக் கையால் பிடித்துப் பார்க்கிறார். சற்று நேரத்தில் ஒரு தொகையைச் சொல்லிவிடுகிறார். பர்மா தேக்கு இருக்கிற வீட்டுக்கு ஒரு விலை, இல்லாத வீட்டுக்கு வேறு விலை.

அதே காண்ட்ராக்டரை 1990-களில் கட்டிய அடுக்குமாடிக்குக் கூட்டிப்போனால் கணக்கு மாறிவிடும். அங்கே கழற்றி விற்க இரும்புக் கம்பியும் கிரில்லும் கதவுகளும்தான் தேறும். மீதியெல்லாம் சென்னையில் ‘ரப்பிஷ்’ என்று சொல்லப்படும் இடிபாடு. எண்பது வயது வீடு பண்டமாகிறது, முப்பது வயது வீடு குப்பையாகிறது. ஏன் என்று கேட்டால், பாதிக்கு மேல் விடை செங்கல்லுக்கும் செங்கல்லுக்கும் நடுவே இருக்கும் சாந்தில் கிடைக்கும்.

பழைய சென்னை வீடுகள் சுண்ணாம்பில் எழுந்தவை. கழிமுகங்களில் அள்ளிய கிளிஞ்சலைச் சூளையில் சுட்டு, தண்ணீர் ஊற்றி நீற்றி, மணலோடு அரைத்த சாந்து அது. கிளிஞ்சல் என்பது கால்சியம் கார்பனேட். சுடும்போது அதிலிருந்து கரியமில வாயு வெளியேறுகிறது. சுவருக்குப் போனபின் காற்றிலிருந்து அதே வாயுவை மெல்ல மெல்ல இழுத்துக்கொண்டு மறுபடியும் கால்சியம் கார்பனேட்டாக இறுகுகிறது. எவ்வளவு இறுகினாலும் நன்றாகச் சுட்ட செங்கல்லைவிட மென்மையாகவே இருக்கும். சுவரைப் பிரிக்கும்போது விட்டுக்கொடுப்பது சாந்துதான், கல் தப்பித்துக்கொள்ளும். சித்தாள் ஒருவர் தரையில் உட்கார்ந்து, கரண்டியின் விளிம்பால் நாலு தட்டுத் தட்டினால் ஒட்டியிருந்த சுண்ணாம்பு பொரபொரவென்று உதிர்ந்து முழுக் கல் கைக்கு வந்துவிடும்.

சிமென்ட் சாந்து பல செங்கற்களைவிடக் கடினமானது. கடப்பாரை விழுந்தால் கல்தான் சிதறும். சாந்து அப்படியே பிடித்துக்கொண்டு நிற்கும். சுண்ணாம்புச் சூளைக்கு ஏறக்குறைய 900 டிகிரி வெப்பம் போதும், சிமென்ட் சூளைக்கோ 1,450 டிகிரி தேவை. உலகம் வெளியிடும் கரியமில வாயுவில் 7 முதல் 8 சதவீதம் சிமென்ட் தொழிலிலிருந்து வருகிறது. அப்படிச் செய்த பொருளைப் போட்டுக் கட்டி, முப்பது நாற்பது ஆண்டில் தூளாக்கி லாரியில் ஏற்றுகிறோம். இது மிகப் பெரிய விரயம்.

நம் ஊர் பெயரையே சூட்டிக்கொண்ட ‘மெட்ராஸ் டெரஸ்’ கூரையைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். சுவருக்குச் சுவர் தேக்கு உத்தரங்கள். அவற்றின் மேல், சாதாரணச் செங்கல்லைவிடச் சிறிய, மெல்லிய கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் தோய்த்து, நெட்டுக்குத்தாக, மூலைவாட்டில் வரிசை வரிசையாக ஒட்டிக்கொண்டே போவார்கள். ஒரு வரிசை அடுத்த வரிசையைத் தாங்கும். கீழே பலகை அடைத்து முட்டுக் கொடுக்க வேண்டியதில்லை. அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த கலவையைக் கொட்டி, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டுவார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரை அவ்வப்போது தெளிப்பார்கள். தட்டத் தட்டக் காற்று வெளியேறிக் கலவை கெட்டிப்படும். கடைசியில் தட்டோடு பதித்தால் கூரை முடிந்தது. இந்தக் கூரையைப் பிரித்தால் உத்தரம் உத்தரமாகவும் கல் கல்லாகவும் திரும்பி வரும், ஜல்லிகூடத் தரைக்கு அடியில் நிரவ உதவும்.

இப்படிப் பிரித்துக் கட்டுவது நடக்கக்கூடிய காரியமா என்று கேட்பவர்கள் கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காடு வரை போய்வர வேண்டும். டெபோரா தியாகராஜன் முன்னின்று தொடங்கிய மெட்ராஸ் கிராஃப்ட் ஃபவுண்டேஷன், 1996 டிசம்பரில் அங்கே தட்சிணசித்ராவைத் திறந்தது. அதற்கு வடிவம் தந்தவர் கட்டடக்கலைஞர் லாரி பேக்கர். உடனிருந்து வளர்த்தெடுத்தவர் பென்னி குரியகோஸ். தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம், ஆந்திரம் ஆகியவற்றின் மரபு வீடுகள் அங்கே நிற்கின்றன. அவற்றில் பலவும், சொந்த ஊரில் கைவிடப்பட்டு இடிபட இருந்தவற்றை விலைக்கு வாங்கி, பாகம் பாகமாகக் கழற்றி, கொண்டுவந்து மறுபடி நிறுத்தியவை. கோட்டயம் மாவட்டத்துப் புதுப்பள்ளியில் 1850 வாக்கில் கட்டிய சிரியன் கிறிஸ்தவர் வீடு அவற்றில் ஒன்று. மரத்தில் துளையிட்டு, இன்னொரு மரத்தின் கழுந்தைச் செருகிக் கோத்த வீடு என்பதால்தான் அத்தனை தூரம் பயணம் செய்ய முடிந்தது. செட்டிநாட்டு வீட்டின் தூண்களையும் வேலைப்பாட்டுக் கதவையும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். மரமும் மரமும் சேரும் இடங்களைக் கவனியுங்கள்.

ஐந்து மைல் சுற்றளவுக்குள் கிடைக்கும் பொருள்களைக் கொண்டே வீடு கட்ட வேண்டும் என்பது காந்தியின் கருத்து. பேக்கரை வாழ்நாள் முழுக்க வழிநடத்தியது அதுதான். மயிலாப்பூர் குளத்திலிருந்து இன்று ஐந்து மைல் சுற்றிவந்தால் செம்மண்ணோ பனஞ்சட்டமோ கிடைக்காது. தாராளமாகக் கிடைப்பது இடித்த வீடுகள்தான். 1920-களில் ஏரிப் படுகையில் உருவான தியாகராய நகரிலும், அடையாறு காந்தி நகரிலும், மாட வீதிகளை ஒட்டிய சந்துகளிலும் தனி வீடுகள் ஒவ்வொன்றாக அடுக்குமாடிக்கு இடம் கொடுக்கின்றன. இந்த நகரத்தின் காடும் கல்குவாரியும் இப்போது அந்த வீடுகளுக்குள்தான் இருக்கின்றன என்று நான் நம்புகிறேன்.

அங்கிருந்து எதை எடுக்கலாம்? முதலில் மரம். பல பத்தாண்டுகள் காய்ந்த தேக்கு இனி முறுக்கிக்கொள்ளாது, பெரிதாகச் சுருங்கவும் செய்யாது. வாங்கும்போது நீளம் முழுக்கத் தட்டிப் பாருங்கள். பொத்தென்று ஒலித்தால் உள்ளே கரையான் தின்றிருக்கலாம். குண்டூசித் துளையும் அதனடியில் மாவுபோன்ற தூளும் இருந்தால் வண்டு இன்னும் உள்ளே இருக்கிறது. பழைய ஆணிகளை ஒன்றுவிடாமல் பிடுங்காமல் இழைப்புளி வைக்கத் தச்சர் சம்மதிக்க மாட்டார், சம்மதிக்கவும் கூடாது. பழைய பெயின்ட் விஷயத்தில் இன்னும் அதிகக் கவனம் தேவை. வீட்டு பெயின்டில் ஈயம் பத்து லட்சத்துக்கு 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய எனாமலை உலர்ந்தபடி உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதும், நெருப்பு காட்டி உரிப்பதும் ஈயத்தைக் காற்றில் கலப்பதற்குச் சமம். ஈரப்படுத்திச் சுரண்ட வேண்டும், குழந்தைகள் பக்கத்தில் இருக்கக்கூடாது.

செங்கல்லுக்குச் சோதனை எளிது. இரண்டு கற்களை மோதினால் கணீரென்று ஒலிக்க வேண்டும், நகத்தால் கீறினால் தடம் விழக்கூடாது. கடற்கரையை ஒட்டிய ஊர் என்பதால் உவர் ஏறிய கல் நிறையவே வரும். சில கற்களை நனைத்துக் காயவிட்டு வெள்ளை பூக்கிறதா என்று பார்த்துவிட்டு லோடு எடுங்கள். பழைய கல்லின் அளவும் இன்றைய சேம்பர் செங்கல்லின் அளவும் ஒத்துப்போகாது, ஆகவே இரண்டையும் ஒரே சுவரில் கலக்க வேண்டாம். கடப்பா கல், கருங்கல் படி, மங்களூர் ஓடு எல்லாம் மறுவாழ்வுக்கு ஏற்றவை. கான்கிரீட் தளத்தின் அடிப்பாகத்தில் இழுவையைத் தாங்குவது கம்பிதான், அங்கே உள்ள கான்கிரீட் பெரும்பாலும் சும்மா இருக்கிறது. அந்த இடத்தில் பழைய ஓட்டைப் பொதிந்து சிமென்டை மிச்சப்படுத்தும் முறையைப் பேக்கர் கேரளமெங்கும் பரப்பினார். இதற்குக் கட்டமைப்புப் பொறியாளரின் கணக்கு அவசியம். மொட்டை மாடியில் உடைந்த வெள்ளை டைல் சில்லுகளைப் பதித்தால் வெயில் திருப்பி அனுப்பப்படும், கீழ் அறையின் சூடு குறையும்.

துருப்பிடித்த பழைய கம்பி, பழைய மின்வயர், ஆஸ்பெஸ்டாஸ் தகடு, இவற்றைத் தொடவே வேண்டாம்.

மிஞ்சும் ரப்பிஷ் எங்கே போகிறது என்பது எனக்கு ஆறாத கவலை. காலியிடங்களிலும் நீர்நிலைக் கரைகளிலும் இரவில் கொட்டப்பட்ட இடிபாடு ஏராளம். 2022-இல் ராம்சார் அங்கீகாரம் பெற்ற பள்ளிக்கரணைச் சதுப்பு நிலமும் அதற்குத் தப்பவில்லை. மாநகராட்சி பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் இடிபாட்டை அரைத்துப் பிரிக்கும் ஆலைகளை அமைத்திருக்கிறது. அங்கே கிடைக்கும் ஜல்லியையும் மணலையும் நடைபாதைக் கல் செய்யப் பயன்படுத்தலாம். ஐ.எஸ். 383 தர விதி, 2016 திருத்தத்துக்குப் பின், பழைய கான்கிரீட்டை அரைத்து எடுத்த ஜல்லியைக் கம்பி போட்ட கான்கிரீட்டிலேயே 20 சதவீதம் வரை அனுமதிக்கிறது. அது எம்-25 தரம் வரை மட்டுமே. பல மேஸ்திரிகளுக்கு இந்த விதி போய்ச்சேரவில்லை.

“ஒரு வீட்டு மரம் இன்னொரு வீட்டுக்கு ஆகாது” என்று சொல்லும் பெரியவர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு வாதாட வேண்டாம். வாசக்காலுக்கு மட்டும் புது மரம் போட்டுக்கொள்ளுங்கள். ஜன்னலும் அலமாரியும் மாடிப்படியும் பழைய தேக்கில் அமையட்டும்.

வீடு கட்டப் போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். தாத்தா கட்டிய வீட்டை இடிக்கத்தான் வேண்டும் என்றால், காண்ட்ராக்டரிடம் சாவியைக் கொடுப்பதற்கு முன்பே தச்சரையும் கொத்தனாரையும் அழைத்து, புது வீட்டுக்கு எது வரும் என்று எழுதி வாங்குங்கள். வரைபடம் போடும் முன் கையிலிருக்கும் கதவு, ஜன்னல், உத்தரங்களின் அளவைப் பொறியாளரிடம் கொடுங்கள். அளவுக்கேற்பத் திறப்புகளை அமைப்பது அப்போது சுலபம், சுவர் எழுந்தபின் முடியாது. புதிதாக எழுப்பும் சுவரில், பாரம் தாங்காத இடங்களிலாவது சுண்ணாம்புச் சாந்து போடச் சொல்லிக் கேளுங்கள். எப்படி இருக்கும் என்று சந்தேகமிருந்தால் அந்தத் தச்சரையும் கொத்தனாரையும் கூட்டிக்கொண்டே தட்சிணசித்ராவுக்குப் போய்வாருங்கள். செவ்வாய்க்கிழமை அங்கே விடுமுறை.