கவரைத் தின்னும் வெயில்

மியன்மாரின் யாங்கோன் மாநகரில், தாமுவே வட்டாரத்தில் தெருத்தெருவாக நடந்தாலும், வாசலில் நிறுத்திய மோட்டார் சைக்கிளைக் காண்பது அரிது. 2003-இல் மாநகரின் பெரும்பாலான வட்டாரங்களில் மோட்டார் சைக்கிளுக்குத் தடை வந்தது. ஏன் வந்தது என்பதற்கு ஊருக்குள் பல கதைகள் உலவுகின்றன. காவல்துறை போன்ற அரசுப் பணிகளுக்கு விலக்கு உண்டு. மற்றவர்களுக்குப் பேருந்து, டாக்சி, சைக்கிள், பக்கவாட்டில் இருக்கை பூட்டிய மூன்று சக்கரச் சைக்கா. சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டுவரும் இளைஞர்கள்கூட நகருக்குள் சைக்கிள் மிதித்துத்தான் வருகிறார்கள்.

யாங்கோன் ஆற்றைத் தாண்டித் தலாவில் இறங்கினால் காட்சி வேறு. படகுத்துறை வாசலிலேயே வாடகை மோட்டார் சைக்கிள்கள் வரிசைகட்டி நிற்கும். வடக்கே பகோவிலும் மண்டலேயிலும் குடும்பங்களின் அன்றாட வண்டி அதுதான். கொட்டகை இல்லாத வீடுகளில் அவை திறந்தவெளியில்தான் நிற்கின்றன. தாமுவேயின் அடுக்குமாடிகளுக்குக் கீழே நிற்கும் கார்களுக்கும் சைக்காக்களுக்கும் அதே நிலைதான். எல்லாவற்றுக்கும் மேலே ஒரே வானம். வெளியில் நிற்கும் வண்டிக்குப் போடும் கவரைச் சோதித்துப் பார்க்க இதைவிடக் கடுமையான வானம் கிடைப்பது கடினம்.

யாங்கோனில் ஆண்டுக்குச் சுமார் 2,700 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. சென்னையின் ஆண்டு மழையைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதில் பெரும்பகுதி மே நடுவிலிருந்து அக்டோபர் முடிவதற்குள் கொட்டித் தீர்த்துவிடும். டிசம்பரிலிருந்து மார்ச் வரை ஒரு துளிகூட விழாத வாரங்கள் தொடர்ந்து வரும். மழை தொடங்குவதற்கு முந்தைய மாதம்தான் வெயில் உச்சம். ஏப்ரல் பகல்கள் 37 டிகிரியைத் தொடும். ஆறு மாதம் காய்ச்சல், ஆறு மாதம் குளியல் என்ற இந்த வரிசையில்தான் கவரின் ஆயுள் இருக்கிறது. வாங்குகிறவர்கள் மழையை நினைத்து வாங்குகிறார்கள். துணியைக் கெடுக்கும் வேலையை அதற்கு முன்பே வெயில் முடித்துவிடுகிறது. சூன் மாத மழையில் கிழியும் கவர் உண்மையில் பிப்ரவரியிலேயே நைந்துபோனது.

நைந்துபோவது எப்படி என்பதற்குக் கணக்கு உண்டு. சூரியனின் புற ஊதாக் கதிர்கள் சுமார் 290 நானோமீட்டர் அலைநீளம் முதல் தரையை எட்டுகின்றன. 300 நானோமீட்டர் கதிரின் ஆற்றல் ஒரு மோலுக்குச் சுமார் 400 கிலோஜூல். பிளாஸ்டிக் சங்கிலியைக் கட்டி நிறுத்தும் கார்பன்-கார்பன் பிணைப்பை அறுக்கச் சுமார் 350 கிலோஜூல் போதும். அறுந்த முனையில் காற்றிலுள்ள ஆக்சிஜன் வந்து ஒட்டும். அங்கிருந்து கேடு அடுத்த சங்கிலிக்குத் தாவும். நீளமான சங்கிலிகள் துண்டு துண்டானால் துணி பார்வைக்கு அப்படியே இருக்கும், இழுவலிமை மட்டும் போய்விடும். ஒருநாள் ஹேண்டில் முனை உரசிய இடத்தில் விரல் நுழையும்.

எல்லாப் பிளாஸ்டிக்கும் ஒரே வேகத்தில் கெடுவதில்லை. மலிவுக் கவர்கள் பலவும் நெய்யப்படாத பாலிபுரோப்பிலீன் துணியில் வருகின்றன. துணிப்பை போலத் தடவினால் சொரசொரப்பாக இருக்கும். தடுப்பு வேதிப்பொருள் கலக்காவிட்டால் இதுதான் வெயிலில் முதலில் பொடியாகும், ஏனென்றால் அதன் சங்கிலியில் எளிதில் பிய்ந்துவரும் ஹைட்ரஜன் அணுக்கள் வரிசையாக உள்ளன. நைலான் இழுவலிமையில் சிறந்தது, வெயிலில் பாலியெஸ்டரைவிடப் பின்தங்கியது. நூலாகும் முன்பே சாயம் கலந்து இழுத்த அக்ரிலிக் துணி வெயிலுக்கு மிக நன்றாக ஈடுகொடுக்கும். படகுகளின் மேற்கூரைக்கும் கடைவாசல் பந்தலுக்கும் அதைத்தான் போடுகிறார்கள். விலைதான் எட்டாது. நடுவில் நிற்பது பாலியெஸ்டர். சாதாரண வருமானக்காரர் தேட வேண்டியது அதையே.

வெயிலை வெல்ல மனிதர் கண்ட மலிவான மருந்து கரிப்பொடி. வயலுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் கருப்புப் பாலிஎத்திலீன் குழாயில் சுமார் 2.5 சதவீதம் நுண்ணிய கரிப்பொடி கலந்திருக்கிறது. மொட்டைமாடிக் கருப்புத் தொட்டி ஆண்டுக்கணக்கில் வெயிலில் நின்றும் உடையாததற்கு அதுவே காரணம். கரி கதிரைத் தானே வாங்கி வெப்பமாக மாற்றிவிடும். பிளாஸ்டிக்கின் சங்கிலிவரை கதிர் போய்ச் சேராது.

இந்த அறிவு மியன்மாருக்கு மிகக் கொடிய நாள்களில் தேவைப்பட்டது. 2008 மே 2 அன்று நர்கிஸ் புயல் ஐராவதி ஆற்று முகத்துவாரத்தில் கரையேறி, அன்றிரவே யாங்கோனையும் கடந்தது. இறந்தவர்களும் காணாமற்போனவர்களும் ஒரு லட்சத்து முப்பதாயிரத்துக்கு மேல். கூரையிழந்த குடும்பங்கள் பருவமழை தொடங்கும் நேரத்தில் தார்ப்பாய்க்கடியில் ஒண்டின. செஞ்சிலுவை அமைப்புகளும் ஐ.நா. அகதிகள் ஆணையமும் நிவாரணத் தார்ப்பாய்க்கு வகுத்துள்ள பொதுத் தரத்தை மோட்டார் சைக்கிள் கவர் வாங்குகிறவர்களும் அறிந்துகொள்வது நல்லது. 4 மீட்டருக்கு 6 மீட்டர் அளவு. சதுர மீட்டருக்குச் சுமார் 190 கிராம் எடை. உள்ளே கருப்புப் பாலிஎத்திலீன் இழைகளால் நெசவு, இருபுறமும் வெளிர்நிறப் பூச்சு. செயற்கைப் புற ஊதா விளக்கின் கீழ் 1,500 மணி நேரம் வைத்த பிறகும் இழுவலிமை 5 சதவீதத்துக்கு மேல் குறையக்கூடாது. உள்ளே இருக்கும் கருப்பு கதிரைத் தடுக்கிறது, வெளியே இருக்கும் வெளிர்நிறம் வெப்பத்தைத் திருப்பி அனுப்புகிறது. முகாம் கூரை ஒன்றுக்கு இவ்வளவு யோசித்திருக்கிறார்கள். கடையில் தொங்கும் கவரின் அட்டையிலோ பெரும்பாலும் ‘வாட்டர்புரூஃப்’ என்ற ஒற்றைச் சொல்தான். வெயிலைப் பற்றிப் பேச்சே இருக்காது.

அட்டையிலுள்ள எண்களைப் படிக்கத் தெரிந்தால் பாதி ஏமாற்றத்தைத் தவிர்க்கலாம். ‘டி’ என்ற எழுத்துடன் வருவது டெனியர்: 9,000 மீட்டர் நூலின் எடை எத்தனை கிராம் என்ற அளவு. 300டி என்றால் ஒன்பது கிலோமீட்டர் நூல் 300 கிராம் எடை. ‘டி’ போலவே ஒலித்தாலும் ஆங்கிலத்தில் ‘T’ என்ற வேறு எழுத்துடன் அச்சிடப்படும் 190, 210 என்ற எண்கள் நூலின் கனத்தைச் சொல்வதில்லை. ஓர் அங்குலத்தில் பாவும் ஊடுமாக எத்தனை இழைகள் உள்ளன என்று சொல்கின்றன. மெல்லிய நூலை நெருக்கி நெய்தாலும் அந்த எண் பெரிதாகத்தான் இருக்கும். எண் பெரிது என்பதற்காகக் கனமான துணி என்று எண்ணி வாங்குகிறவர் பலர். நாள்தோறும் வெளியில் நிற்கும் வண்டிக்குக் கையில் எடுத்தால் கனம் தெரிகிற, டெனியர் எண் கூடிய பாலியெஸ்டரே ஏற்றது. மி.மீ. கணக்கில் வருவது நீர் தாங்கும் திறன். 3,000 என்றால் மூன்று மீட்டர் உயர நீரின் அழுத்தம்வரை துணி கசியாது. மழைத்துளிக்கு அவ்வளவு அழுத்தம் கிடையாது. தண்ணீர் நுழைவது துணி வழியாக அல்ல, தையல் வழியாகத்தான். ஊசி குத்திய ஒவ்வோர் ஓட்டையும் ஒரு திறந்த வாசல். கவரைப் புரட்டிப் பார்த்தால் தையலின்மேல் நாடா ஒட்டியிருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

நீர் தடுக்கும் பூச்சு மனிதருக்குப் புதிதல்ல. ஐராவதிக் கழிமுகத்தில் உள்ள பத்தேன் (பழைய பெயர் பசீன்) நகரில் இன்றும் மூங்கில் குச்சிகளில் பருத்தித் துணி கட்டிக் குடை செய்கிறார்கள். மரக்காயின் பிசினைப் பூசித்தான் அதற்கு மழை தாங்கும் குணம் ஏற்றுகிறார்கள். தமிழகக் கடலோரத்தில் பனிச்சங்காய்ச் சாற்றில் வலைகளை முக்கி எடுத்ததும், படகின் இடுக்குகளை அதனால் அடைத்ததும் அதே அறிவு. 1823-இல் கிளாஸ்கோவின் சார்லஸ் மக்கிண்டோஷ் நாப்தாவில் கரைத்த ரப்பரை இரு துணிகளுக்கு நடுவே தடவி மழைக்கோட்டுக்குக் காப்புரிமை பெற்றார். வெளிமழை உள்ளே வரவில்லை. உள்வியர்வையும் வெளியே போகவில்லை. அந்தச் சிக்கல் 200 ஆண்டுகளாக எந்த மலிவுக் கவரையும் விடவில்லை.

இன்றைய கவர்களின் உட்புறத்தில் இருப்பது பெரும்பாலும் பாலியூரித்தேன் அல்லது பி.வி.சி. பூச்சு. பி.வி.சி.யை வளைந்துகொடுக்க வைக்கும் எண்ணெய்ப் பொருள் வெயிலில் மெல்ல வெளியேறும், பிறகு மடித்த இடமெல்லாம் வெடிக்கும். பாலியூரித்தேனின் மலிவு வகைக்கு எதிரி ஈரமும் வெப்பமும் கலந்த காற்று. நீர்மூலக்கூறு சங்கிலிக்குள் புகுந்து அதை அறுக்கும். பரணில் ஆண்டுக்கணக்கில் கிடந்த ஷூவின் அடிப்பகுதி எடுத்துப் போட்ட அன்றே பிட்டுப்போல் உதிர்வது இந்த வேதியியலால்தான். கவரில் அதன் அறிகுறி முதலில் பிசுபிசுப்பு, பிறகு செதில். வெள்ளிநிறக் கவரின் உட்புறத்தைக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்துப் பார்க்கலாம். விரல் ரேகையில் சாம்பல்நிறப் பொடி ஒட்டினால் பூச்சு கழன்றுகொண்டிருக்கிறது என்று பொருள்.

இனி உள்ளே நடப்பது. கவரால் வண்டிக்கு வரும் கேடுகளில் பெரியது இதுதான், அதிகம் பேசப்படாததும் இதுதான்.

யாங்கோனின் சூலை மாதக் காற்றில் ஈரப்பதம் 90 சதவீதத்தை ஒட்டியிருக்கும். 27 டிகிரி வெப்பத்தில் அந்தக் காற்று 25 டிகிரிக்குச் சற்று மேலேயே பனியாக இறங்கத் தொடங்கும். ஏதோ ஒரு பரப்பு சுற்றுக்காற்றைவிட இரண்டு டிகிரி குளிர்ந்தாலே போதும், அதில் நீர் கோக்கும். நனைந்த வண்டிமேல் காற்றுப்புகாத கவரை இழுத்து மூடி, கீழே ஈர மண்ணும் இருந்தால், உள்ளே நீராவி நிறைந்து நிற்கும். காலையில் கவரைத் தூக்கினால் உட்புறம் முழுக்க முத்துமுத்தாக நீர். பெட்ரோல் டேங்கின் முதுகில் அது வழிந்த தடம். சீட்டுத் தையலில் சாம்பல்பச்சைப் பூசணம். சக்கரக் கம்பிகள் ரிம்மில் புகும் இடத்தில் ஒவ்வொரு திருகுமூடியைச் சுற்றியும் செம்மஞ்சள் வளையம். மேலே பெய்த மழை ஒரு சொட்டுகூட உள்ளே வந்திருக்காது.

துரு ஏற மழை தேவையில்லை என்பதை 1930-களிலேயே பிரிட்டனின் வெர்னன் ஆய்வு செய்து காட்டினார். கந்தக டை ஆக்சைடு சிறிதளவு கலந்த காற்றில், ஈரப்பதம் சுமார் 60 சதவீதத்தைத் தாண்டியதும் இரும்பு துருப்பிடிக்கும் வேகம் சட்டென்று எகிறியது. கடலோரத்தில் உப்பும் சேர்கிறது. சமையலுப்பு 75 சதவீத ஈரப்பதத்துக்கு மேல் காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரையும். கடல் உப்பிலுள்ள மெக்னீசியம் குளோரைடு 33 சதவீதத்திலேயே அதைச் செய்யும். ஆகவே திருவான்மியூரிலோ நாகப்பட்டினத்திலோ கடற்கரைக்கு அருகே நிற்கும் வண்டிக்குக் கவர் நல்லதுதான். உப்புத் தூசி படியவிடாது. ஆனால் உப்பு படிந்த வண்டியைக் கழுவாமல் மூடினால், உப்பையும் ஈரத்தையும் ஒன்றாகப் பூட்டி வைத்த கதையாகிவிடும்.

மூச்சுவிடும் துணி என்று விளம்பரம் செய்வதிலும் உண்மை உண்டு. 1969-இல் பாப் கோர் டெஃப்லானைச் சட்டென்று இழுத்து நீட்டி உருவாக்கிய சவ்வில், நீர்த்துளி நுழைய முடியாத, நீராவி மட்டும் வெளியேறும் அளவுக்கு நுண்துளைகள் உள்ளன. மலையேறிகளின் மேலங்கிக்கு அது கட்டுப்படியாகும். தெருவோரம் நிற்கும் 125 சி.சி. வண்டிக்கு அவ்வளவு செலவு வேண்டியதில்லை. மேற்பகுதியில் மடல் மூடிய காற்றுத்துளைகள் இரண்டு, கீழே தரையிலிருந்து ஒரு சாண் இடைவெளி. இவ்வளவு இருந்தால் சூடான ஈரக்காற்று மேலே போக, கீழிருந்து புதுக்காற்று வரும். சக்கரத்தின் பாதிவரை இறங்கும் கவரே நல்ல கவர். தரையைத் தொடும் கவர் பார்க்க முழுமையாக இருக்கும்; வண்டிக்கு ஈரக்கூண்டு. மண்தரையில் நிறுத்துகிறவர்கள் சக்கரத்துக்கடியில் பலகையோ ஓடோ போட்டு நிறுத்தினாலே பெரிய வித்தியாசம் தெரியும்.

அளவு தளர்ந்த கவர் காற்றில் படபடக்கும். படபடக்கும் துணிக்கும் பெயின்டுக்கும் நடுவே மணல்துகள் சிக்கினால் நுண்கீறல்கள் விழுந்து பளபளப்பு மங்கிவிடும். வயிற்றுப் பக்கம் கோத்துக் கட்டும் நாடா இல்லாத கவரைப் புயல்காலத்தில் தேடிப்பிடிக்க அடுத்த தெருவுக்குப் போக வேண்டியிருக்கும். சைலன்சர் சூடு இன்னொன்று. பாலியெஸ்டர் சுமார் 255 டிகிரியில் உருகும், பாலிஎத்திலீன் 130 டிகிரிக்குள்ளேயே. ஓடிவந்து நின்ற வண்டியின் புகைக்குழாய் எஞ்சினை ஒட்டிய இடத்தில் அதைவிடச் சூடாக இருக்கும். அரை மணி நேரம் ஆறவிட்டு மூடுவதே சரி. சைலன்சர் படும் இடத்தில் வெப்பம் தாங்கும் துணி தைத்த கவர் கிடைத்தால் இன்னும் நல்லது.

வாங்குகிற காலத்தையும் மாற்ற வேண்டும். மழை வாசலுக்கு வந்த பிறகுதான் கடைகளில் கவர் வியாபாரம் சூடுபிடிக்கிறது. வெயில் மாதங்களில் பழைய கவரோடு சமாளித்து, மழைக்குப் புதிதாக வாங்குவது யாங்கோனிலும் சென்னையிலும் வழக்கம். அந்தப் புதுக் கவர் அடுத்த கோடை முழுவதும் வெளியில் காயும், மறுமழைக்குப் பூச்சு போயிருக்கும். யாங்கோன்வாசிகளுக்கு ஏப்ரல் நடுவில் வரும் திஞ்சான் தண்ணீர்த் திருவிழா முடிந்த வாரம் கவரைச் சோதிக்கச் சரியான தருணம். மழைக்கு இன்னும் ஏறக்குறைய ஒரு மாதம் இருக்கும். சென்னைக்கு அது புரட்டாசி. தையலின் இருபுறமும் பிடித்து இழுத்துப் பார்க்க வேண்டும், ஓட்டைகள் நீண்டு வெளிச்சம் தெரிகிறதா என்று. தோள்பகுதியையும், எப்போதும் நிழலில் இருக்கும் கீழ்விளிம்பையும் அடுத்தடுத்துக் கசக்கிப் பார்க்க வேண்டும். தோள்பகுதி காகிதம்போல் சலசலத்து, கீழ்விளிம்பு மட்டும் இன்னும் மெத்தென்று இருந்தால், துணியின் மேற்பாதியை வெயில் தின்று முடித்துவிட்டது. அந்தக் கவரை மாற்றுவதற்கு மழைவரை காத்திருக்க வேண்டாம்.