தச்சுக்கூடத்துக்கு மின்கம்பி

வீட்டில் தச்சுக்கூடம் அமைப்போர் முதலில் ஒரு கணக்குப் போட வேண்டும். 230 வோல்ட்டில் இயங்கும் 1,500 வாட் வட்ட ரம்பம் குறைந்தது 6.5 ஆம்பியர் மின்னோட்டம் இழுக்கும். மோட்டார் சுழலத் தொடங்கும் கணத்தில் அது பல மடங்காகும். 6 ஆம்பியர் பிளக் பாயிண்ட் இதைத் தாங்காது. மெல்லிய கம்பி சூடேறி, மேலுறை உருகும். ஆகவே 16 ஆம்பியர் பாயிண்டும், 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியும், நல்ல எர்த் இணைப்பும் தேவை.

விளக்குகளுக்குத் தனிச் சுற்று வேண்டும். ஏன் தெரியுமா? ஒரே சுற்றாயின், சுமை மிகுந்து ஃபியூஸ் போனதும் விளக்கும் அணைந்துவிடும். ஆனால் ரம்பத் தட்டு உடனே நிற்காது. நிலைமத்தால் மேலும் சில விநாடிகள் சுழலும். அந்த இருளில், விரல்கள் அதனருகே இருக்கும்!