மழையில்லாத நாளிலும் தகரக் கூரை சொட்டுகிறதா?

மார்கழி, தை மாதங்களில் உடுமலை, பல்லடம், பொள்ளாச்சிப் பக்கம் அடிக்கடி வரும் கேள்வி இது: "மழையே இல்லைங்க. ஆனா விடியக்காலையில தகர செட்டு சொட்டுது. மக்காச்சோள மூட்டை மேலெல்லாம் ஈரம். ஆணி ஓட்டையை அடைச்சும் நிக்கலைங்க."

ஓட்டையை அடைத்தால் இது நிற்காது. இது வெளியிலிருந்து ஒழுகும் தண்ணீர் அல்ல. செட்டுக்குள் இருக்கும் காற்றின் ஈரம். 25 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 23 கிராம் நீராவியைத் தாங்கும். 15 டிகிரிக்கு இறங்கினால் சுமார் 13 கிராம்தான். மேகமில்லாத இரவில் தகரம் வெப்பத்தை வானத்துக்கு இழந்து, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துவிடும். உள்காற்று அதில் பட்டதும், குளிர்ந்த மோர்ச் சொம்பு வேர்ப்பதுபோல நீர் கோக்கிறது.

அலட்சியம் வேண்டாம்

நனைந்த மக்காச்சோளத்திலும் கொப்பரையிலும் ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சணம் வளர்ந்து, அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும். 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் இறந்தது, பூஞ்சணம் பிடித்த கடலைப் புண்ணாக்கால்தான். அந்தத் தீவனத்தைக் கறவை மாட்டுக்குப் போட்டால் நஞ்சு பாலிலும் இறங்கும், காய்ச்சினாலும் போகாது. பூஞ்சணம் பிடித்ததைக் காயவைத்தும் மாட்டுக்கோ கோழிக்கோ போடாதீர்கள்.

ஒழுகலா, வேர்வையா?

மழை பெய்தபோது மட்டும் ஓரிரு இடத்தில் சொட்டினால் ஒழுகல். மழையில்லாத காலையில் கூரையின் அடிப்பக்கம் முழுக்கத் துளி நின்றால் வேர்வை.

முதலில் ஈரத்தைக் குறையுங்கள்

* மக்காச்சோளத்தை 12 சதவிகிதம், கொப்பரையை 6 சதவிகிதம் ஈரம் வரும்வரை காயவைத்த பிறகே அடுக்குங்கள். ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் ஈரப்பதமானி இருந்தால் மாதிரி கொண்டுபோய்ப் பாருங்கள்.
* மண் தரையிலிருந்தும் ஈரம் ஏறும். மரச்சட்டத்தின் மேல், சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி அடுக்குங்கள்.
* தானிய செட்டில் மாடு கட்டாதீர்கள். ஒரு மாடு மூச்சிலும் வேர்வையிலும் தினமும் பல லிட்டர் நீரை வெளியேற்றும்.
* தானிய செட்டை வெயில் ஏறியபின் திறந்து, மாலையில் மூடுங்கள். மாட்டுக் கொட்டகையில் முகட்டுத் திறப்பு இரவும் பகலும் திறந்தே இருக்கட்டும்.

கூரை குளிராமல் இருக்க

செலவு குறைந்த வழி, தகரத்தின் மேல் தென்னங்கீற்று வேய்ந்து காற்றுக்குப் பறக்காமல் கட்டுவது. இரவில் தகரம் குளிர்வது குறையும். கோடையில் வெக்கையும் தணியும். தீ விஷயத்தில் மட்டும் கவனம் தேவை.

நிலையான வழி, அலுமினியப் படலம் ஒட்டிய ஃபோமைத் தகரத்தின் அடியில் இடைவெளியில்லாமல் ஒட்டி, இணைப்புகளை அலுமினிய டேப்பால் அடைப்பது. தெர்மோகோல், கிளாஸ் வூல் போட்டால் அதற்குக் கீழே, அதாவது செட்டின் உள்பக்கம், 600 கேஜ் பாலித்தீன் விரிப்பு அவசியம்.

பலர் தவறுவது இங்கேதான். விரிப்பைத் தகரத்தை ஒட்டி மேலே போட்டுவிடுகிறார்கள். இரவில் ஈரம் வெப்பமான உள்பக்கத்திலிருந்து குளிர்ந்த தகரத்தை நோக்கிப் போகும். கீழேயே தடுக்காவிட்டால் கிளாஸ் வூல் நனைந்து ஊறி, மறுபடியும் சொட்டும். பனி கொட்டும் கனடாவில் கார் கொட்டகையின் உள்கூரைக்கும் இதே விதிதான்: ஈரத்தடுப்பு எப்போதும் வெப்பமான பக்கம். தெர்மோகோல் எளிதில் தீப்பிடிக்கும். மின்கம்பி, கொப்பரை உலர்த்தும் அடுப்பு அருகில் வேண்டாம்.

இந்த வாரமே செய்ய

மூட்டைகளுக்கு மேல் ஓரடி இடைவெளி விட்டு, தார்ப்பாயைச் சரிவாகக் கட்டுங்கள். துளிகள் ஓரமாக வழிந்துவிடும். மூட்டையோடு ஒட்டிப் போர்த்தினால் உள்ளேயே புழுங்கும். கூரை வேலையை அடுத்த ஐப்பசிக்குள் முடித்துவிட்டால், தை அறுவடை காய்ந்தபடியே சந்தைக்குப் போகும்.