திருட்டு என்பது எது?



திருட்டு என்றதும் நள்ளிரவில் சுவரேறிக் குதிக்கும் ஒருவனே நம் நினைவுக்கு வருகிறான். அவனைப் பற்றி இங்கே பேசத் தேவையில்லை. தான் செய்வது இன்னதென்பது அவனுக்கே தெரியும். தெரியாமலேயே பிறர் பொருளில் கைவைப்போர் நம் இல்லங்களில் இருக்கிறார்கள். அவர்களுக்காகவே இச்சொல்லின் சட்டப் பொருளை அறிந்துகொள்ள வேண்டியுள்ளது.

அல்மாயிதா அத்தியாயத்தின் 38ஆம் வசனம் திருட்டுக்குரிய தண்டனையைக் கூறுகிறது. அத்தண்டனைக்குரிய திருட்டுக்கு ஃபிக்ஹ் அறிஞர்கள் வகுத்த இலக்கணம் மிகக் குறுகலானது. பொருள் பிறருடையதாக இருக்க வேண்டும். அதன் மதிப்பு ஷாஃபிஈ மத்ஹபில் கால் தீனாரையும், ஹனஃபீ மத்ஹபில் பத்து திர்ஹத்தையும் எட்ட வேண்டும். ‘ஹிர்ஸ்’ எனப்படும் பாதுகாப்பிலிருந்து மறைவாக எடுக்கப்பட்டிருக்க வேண்டும். எடுத்தவனுக்கு அதில் உரிமை உண்டோ என்னும் ஐயமும் இருத்தலாகாது.

ஹிர்ஸ் என்பது பூட்டிய பெட்டி மட்டுமன்று. ஸஃப்வான் இப்னு உமைய்யா (ரலி) அவர்கள் பள்ளிவாசலில் மேலாடையைத் தலைக்கு வைத்து உறங்கியபோது ஒருவன் அதை உருவிக்கொண்டான். உரியவரின் தலைக்கடியில் இருந்ததையே பாதுகாப்பாக அறிஞர்கள் கொண்டனர். தண்டனை விதிக்கப்பட்டதும் ஸஃப்வான் அவனை மன்னிக்க முன்வந்தார்கள். என்னிடம் கொண்டுவருமுன் அதைச் செய்திருக்கலாகாதா என்னும் கருத்துப்பட நபி (ஸல்) அவர்கள் வினவினார்கள்.

தட்டிப் பறிப்பவன், கொள்ளையிடுபவன், நம்பி ஒப்படைத்ததில் மோசம் செய்பவன் ஆகியோருக்குக் கை வெட்டுதல் இல்லை என்று ஜாபிர் (ரலி) அறிவிக்கும் நபிமொழி ஒன்று உண்டு. இதைக் கேட்டுவிட்டு, “அப்படியானால் அது சிறிய குற்றம்தானே” என்று எண்ணுவோரும் உளர். அது பிழை. ஹத்து என்னும் வரையறுத்த தண்டனை மட்டுமே விலகுகிறது. நீதிபதி தம் ஆய்வின்படி விதிக்கும் தஃஸீர் உண்டு. பொருளைத் திருப்பித் தரும் கடமையும் உண்டு. எத்தண்டனையாயினும் அதை வழங்குவது அரசின் நீதிமன்றமே. தனி மனிதருக்கோ ஜமாஅத்துக்கோ அதில் உரிமை இல்லை.

நாம் வாழும் நாட்டின் சட்டம் வலையை அகல விரித்திருக்கிறது. 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டத்தில் 378ஆம் பிரிவாக இருந்த இலக்கணம், 2024 ஜூலை 1 முதல் பாரதீய நியாய சன்ஹிதாவின் 303ஆம் பிரிவாக உள்ளது. அசையும் பொருளை ஒருவரின் வசத்திலிருந்து, அவரது சம்மதமின்றி, நேர்மையற்று எடுக்கும் நோக்கத்துடன் நகர்த்தினாலே அது திருட்டு. மதிப்பு வரம்பு இல்லை. பூட்டு இருந்ததா என்ற கேள்வியும் இல்லை.

‘வசம்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். பழுது பார்த்த கூலிக்காகக் கடைக்காரர் பிடித்து வைத்திருக்கும் கைக்கடிகாரத்தை, கூலியை ஏய்க்க அவர் அறியாமல் எடுத்து வந்தால், உரிமையாளரே திருடராகிறார்! “திருப்பி வைக்கத்தானே எடுத்தேன்” என்பதும் செல்லாது. நிரந்தரமாக அபகரிக்கும் நோக்கத்தை இங்கிலாந்தின் 1968ஆம் ஆண்டுச் சட்டம் கேட்கிறது. நம் சட்டம் கேட்பதில்லை. ராஜஸ்தானில் அலுவலகக் கோப்பு ஒன்றை வெளியே கொண்டுபோய் மறுநாளே திருப்பி வைத்த ஊழியர் செய்ததும் திருட்டே என்று 1962இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இனி நம் வீட்டுக்குள் வருவோம். மனைவியின் நகையைக் கேளாமல் எடுத்து அடகு வைக்கும் கணவர்கள் எத்தனை பேர்! மருமகளின் நகை மாமியாரின் அலமாரியில் பூட்டப்படுவதை எவரும் குற்றமாகவே கருதுவதில்லை. கணவன் மனைவியருக்கிடையே ஹத்து இல்லை என்பது ஹனஃபீ மத்ஹபின் சட்டம்தான். அது தண்டனைக்கான விலக்கு, உரிமை மாற்றமன்று. மஹரைக்கூட அவள் மனமுவந்து விட்டுக்கொடுத்தால்தான் உண்ணலாம் என்கிறது அன்னிஸா அத்தியாயத்தின் 4ஆம் வசனம். அவள் பேசாதிருந்தது மனமுவந்ததாகுமா?

பிரதிபா ராணி வழக்கில் 1985இல் உச்ச நீதிமன்றம், மணப்பெண் பெற்ற பொருள்கள் புகுந்த வீட்டில் இருப்பதாலேயே கூட்டுச் சொத்தாகிவிடுவதில்லை. தர மறுப்பது நம்பிக்கை மோசடி என்றது. அது இந்துப் பெண்ணின் சீதனம் பற்றிய வழக்கு. ஆயினும் நம்பிக்கை மோசடிக்கான சட்டப் பிரிவு எல்லா மதத்தாருக்கும் பொதுவானதே.

இதன் மறுபக்கமும் உண்டு. கணவர் அபூசுஃப்யான் (ரலி) போதிய செலவு தருவதில்லை, அவர் அறியாமல் எடுக்கலாமா என்று ஹிந்த் (ரலி) கேட்டபோது, தமக்கும் பிள்ளைக்கும் நியாயமாகப் போதுமானதை எடுத்துக்கொள்ள நபி (ஸல்) அவர்கள் அனுமதித்தார்கள். ஏனெனில் அது அவருக்குச் சேர வேண்டிய ஜீவனாம்சம். அந்த அளவைத் தாண்டியதற்கு இந்த அனுமதி இல்லை.

எடுத்தவர் இப்போது செய்ய வேண்டியது யாது? அடகில் இருந்தால் மீட்டுத் தர வேண்டும். விற்றுவிட்டிருந்தால் ஈடு தர வேண்டும். மனைவி இறந்துவிட்டால் அக்கடன் இறந்துவிடுவதில்லை. அவரது சொத்தில் சேர்ந்து வாரிசுகளுக்குப் போகிறது. அவருடைய கடனும் வஸிய்யத்தும் கழிந்தபின், பிள்ளைகள் இருந்தால் கணவருக்கு அதில் கால் பங்கு மட்டுமே. எஞ்சிய முக்கால் பங்கு பிள்ளைகளுக்கும், இருந்தால் அவளுடைய பெற்றோருக்கும் உரியது.